வங்கி தரும் காப்பீடு வீட்டுக்கா, உங்களுக்கா?

கேள்வி: திருவொற்றியூரில் தரைத்தளத்தில் ஒரு பழைய ஃபிளாட்டை ரூ.58 லட்சத்துக்கு வாங்க முன்பணம் கொடுத்துள்ளேன். வங்கிக் கடன் ரூ.40 லட்சம், 20 ஆண்டுகள். காப்பீட்டுக்காக ஒரே தவணையில் ரூ.1.20 லட்சம் கட்ட வேண்டும், அதையும் கடனிலேயே சேர்த்துவிடலாம் என்கிறார்கள். இது கட்டாயமா? மழைநீர் புகுந்தால் இதில் இழப்பீடு கிடைக்குமா? (வாசகர், வயது 41)

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: கிடைக்காது. நீங்கள் விவரிப்பது, கடன் முடிவதற்குள் உங்களுக்கு மரணம் நேர்ந்தால் நிலுவைத் தொகையை அடைக்கும் ஆயுள் காப்பீடு. சுவருக்கும் தரைக்கும் அதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. கடன் பெறுவதற்கு இதை எடுத்தே தீர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியோ, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமோ விதி வகுக்கவில்லை. மேலும், ரூ.1.20 லட்சத்தைக் கடனில் சேர்த்தால், 8.75% வட்டியில் 20 ஆண்டுகளில் நீங்கள் கட்டி முடிப்பது சுமார் ரூ.2.54 லட்சம். கடன் குறையக் குறையக் காப்புத்தொகையும் குறைகிற பாலிசிக்கு இது அதிகம் என்பதே என் கருத்து. தனியாக ஒரு டேர்ம் பாலிசி (குறிப்பிட்ட காலத்துக்குள் மரணம் நேர்ந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுங்கள். நாளை கடனை வேறு வங்கிக்கு மாற்றினாலும் அது உங்களோடு இருக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள்.

கட்டடத்துக்கான காப்பீடு வேறு. கடன் ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இதைக் கேட்பார்கள், கேட்பதில் நியாயமும் உண்டு. ஆனால் எந்த நிறுவனத்தில் எடுப்பது என்பது உங்கள் விருப்பம். 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுவடிவப் பாலிசியில் தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் ஆகியவை அடங்கும். இங்கே பலர் செய்யும் தவறு, வாங்கிய விலைக்கே காப்பீடு எடுப்பது. ரூ.58 லட்சத்தில் பெரும்பங்கு நிலத்தின் பிரிபடாத பாகத்துக்கான, அதாவது கட்டடம் நிற்கும் மனையில் உங்களுக்குச் சேரும் பங்குக்கான விலை. வெள்ளம் வந்தாலும் நிலம் எங்கும் போகாது. காப்பீடு மறுகட்டுமான செலவுக்கு மட்டுமே. கார்பெட் ஏரியா (வீட்டுக்குள் புழங்கும் தரைப்பரப்பு) 600 சதுர அடி, கட்டுமானச் செலவு சதுர அடிக்கு ரூ.2,500 எனக் கொண்டால் ரூ.15 லட்சம் போதும். அதற்கு மேல், அத்தொகையில் 20 சதவீதம், அதாவது ரூ.3 லட்சம், வீட்டுப் பொருட்களுக்குத் தானாகவே சேரும். இதற்கு உச்சவரம்பு ரூ.10 லட்சம்.

உங்கள் பகுதிக்கென்று சில எச்சரிக்கைகள். கடற்காற்றில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்வது தேய்மானக் கணக்கில் சேரும். அதற்கு இழப்பீடு இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்யும் கலந்து எண்ணூர் பக்கத்து வீடுகளில் புகுந்தது நினைவிருக்கும். மாசுபாட்டால் வரும் சேதத்துக்குப் பாலிசியில் விலக்கு உண்டு, காப்பீட்டுக்குள் வரும் நிகழ்வால் அந்த மாசு ஏற்பட்டிருந்தால் தவிர. அந்தப் பிரிவைக் கையெழுத்திடும் முன் வாசியுங்கள். கீழே நிறுத்தும் கார் இதில் சேராது. அதன் எஞ்சினுக்கு மோட்டார் பாலிசியில் தனி இணைப்பு வேண்டும்.

விற்பவரின் பாலிசி உங்களுக்குக் கைமாறாது என்பதால், பத்திரப்பதிவு நாளிலிருந்தே உங்கள் பெயரில் புதிய பாலிசி தொடங்கட்டும். வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் பார்க்கும் அதே கவனத்தோடு, 2015-இலும் 2023-இலும் தண்ணீர் எதுவரை நின்றது என்று விற்பவரிடம் மட்டுமல்ல, மாடியில் குடியிருப்போரிடமும் கேளுங்கள். மீட்டர் பெட்டி பின்னர் உயர்த்தப்பட்டிருந்தால் அதற்கான காரணத்தையும் விசாரியுங்கள்.