வாசகர் கேள்வி – பதில்: ராணி கொடுத்த பட்டம்

கேள்வி: என் மகன் லண்டனில் படிக்கிறான். அங்கே அரண்மனையில் வேலை பார்த்தவர்களுக்கு, பிரதமரைக் கேட்காமல் மன்னரே விருது கொடுப்பாராமே, நிஜமா? – வாசகி, திருமங்கலம்

பதில்: நிஜம்தான் அம்மா. அதற்கு ராயல் விக்டோரியன் ஆர்டர் என்று பெயர். 1896 ஏப்ரலில் விக்டோரியா மகாராணி ஏற்படுத்தியது. அதற்குள் பெரும்பாலான விருதுகள் அமைச்சர்கள் சொல்கிற ஆட்களுக்குத்தான் என்று ஆகிவிட்டிருந்தது. தனக்கும் தன் குடும்பத்துக்கும் நேரடியாக உழைத்தவர்களைத் தானே கௌரவிக்க ஒரு வழி வேண்டும் என்று ராணி நினைத்தார். ஐந்து படிகள், அதில் மேல் இரண்டு படிகளுக்கு மட்டும் ஆண்களுக்கு ‘சர்’, பெண்களுக்கு ‘டேம்’. பெண்களைச் சேர்த்துக்கொண்டதே 1936இல்தான். இதோடு சேர்ந்த பதக்கம் ஒன்றும் உண்டு, தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று மூன்று விதம். அரண்மனை வேலையாட்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது அந்தப் பதக்கம்தான். வருஷக்கணக்காக ஒரு வீட்டைத் தாங்கி நின்றவருக்கு அந்த வீட்டுக்காரர் தன் கையால் மரியாதை செய்வதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

ஆனால் இதில் ஒரு பலவீனம் இருக்கிறது. 1887இல் ஆக்ராவிலிருந்து பணியாளராகப் போன அப்துல் கரீம் ராணிக்கு உருது சொல்லிக்கொடுத்து, முன்ஷி, அதாவது ராணியின் மொழி ஆசிரியர் ஆகி, 1899இல் இதே ஆர்டரில் மூன்றாம் படியையும் வாங்கினார். 1901இல் ராணி கண்ணை மூடினார், அடுத்து வந்த மன்னர் எட்வர்டின் ஆட்கள் கரீமின் வீட்டுக்கே போய் ராணி அவருக்கு எழுதிய கடிதங்களைக் கொளுத்தி அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரே ஒருவருடைய மனசை நம்பி வருகிற மரியாதைக்கு அந்த ஒருவர் போனபின் காவல் இல்லை. அதைப் படித்தபோது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

கேள்வி: நம் பக்கத்து ராஜாக்கள் இப்படிக் கொடுத்தது உண்டா? – வாசகர், உசிலம்பட்டி

பதில்: உண்டு, அதுவும் நம் மதுரைக்காகவே. திருமலை நாயக்கரின் கடைசிக் காலத்தில் மைசூர்ப் படை உள்ளே புகுந்து, அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்துக்கொண்டே வந்தது, மூக்கறுப்புப் போர் என்று இன்றும் சொல்கிறோம். நாயக்கர் நோயில் படுத்திருக்க, ராணி ராமநாதபுரம் ரகுநாத சேதுபதிக்கு ஆள் அனுப்பினார். சேதுபதி மறவர் படையைத் திரட்டிக்கொண்டு வந்து மைசூர்க்காரர்களைத் துரத்தியடித்தார். அதற்காகக் கிடைத்த பட்டம்தான் ‘ராணி சொல் காத்தான்’. கூடவே கப்பம் கட்ட வேண்டாம் என்ற சலுகையும், மதுரையில் நடப்பது போலவே நவராத்திரி கொண்டாடும் உரிமையும் கிடைத்தன. நான் பார்த்த பட்டங்களிலேயே மனசுக்கு நெருக்கமானது இது. சர், பகதூர் என்றால் என்ன செய்து வாங்கினார் என்று தனியாக விசாரிக்க வேண்டியிருக்கிறது, இதில் செய்த காரியமே பெயராக நிற்கிறது. மகாலுக்கு ஒலி ஒளிக் காட்சி பார்க்கப் போகிற பிள்ளைகளிடம் தூண்களின் உயரத்தைச் சொல்வதோடு இதையும் சொல்லுங்கள்.

கேள்வி: பத்மஸ்ரீ வாங்கியவர் அதைப் பெயருக்கு முன்னால் போடலாமா? எங்கள் ஊர் ஃப்ளெக்ஸில் போட்டிருக்கிறார்கள். – வாசகர், மேலூர்

பதில்: கூடாது. அரசியலமைப்பின் 18ஆவது பிரிவு பட்டங்களை ஒழித்துவிட்டது. பத்ம விருதுகள் பட்டம் அல்ல, அதனால் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஒட்டக் கூடாது என்று 1995இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பெயரை எழுதி, கீழே தனி வரியில் என்ன வேலைக்காகக் கிடைத்தது என்று போடச் சொல்லுங்கள்.

கேள்வி: ‘சர்’ பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தவர் தாகூர் மட்டும்தானா? – கல்லூரி மாணவி, மதுரை

பதில்: இல்லை. தாகூர் ஜாலியன்வாலா பாக் படுகொலைக்காக 1919இல் துறந்தார். அதற்கு முந்தைய வருஷமே நம் ஊர்க்காரர் ஒருவர் துறந்துவிட்டார், இதை மதுரையிலேயே பலர் அறியாமல் இருப்பது எனக்குத் தாங்கவில்லை. மணி ஐயர் என்று எல்லோரும் அழைத்த எஸ். சுப்பிரமணிய ஐயர், மதுரையில் வக்கீலாக இருந்து, பிறகு சென்னை போய் உயர் நீதிமன்ற நீதிபதியாகி, தலைமை நீதிபதி பொறுப்பையும் பார்த்தவர். திவான் பகதூர், 1900இல் ‘சர்’ என்று வெள்ளைக்காரர்கள் தரக்கூடியதெல்லாம் அவரிடம் இருந்தது. 1917இல் அன்னி பெசன்ட்டைக் காவலில் வைத்தபோது, சுயாட்சி கேட்டு அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கே கடிதம் எழுதினார். அடுத்த வருஷம் விஷயம் வெளியே வந்து, லண்டனில் இந்திய விவகாரங்களைக் கவனித்த பிரிட்டிஷ் மந்திரி மாண்டேகு அவரைக் கடுமையாகக் கண்டித்தார். அப்போது மணி ஐயருக்கு வயது எழுபத்தைந்துக்கு மேல். கடிதத்துக்கு மன்னிப்புக் கேட்டுப் பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று அவர் பார்க்கவில்லை, ‘சர்’, ‘திவான் பகதூர்’ இரண்டையும் விட்டுவிட்டார். இன்றைக்கும் புத்தகங்களில் அவர் பெயருக்கு முன்னால் ‘சர்’ போடுகிறார்கள். நீ எழுதும்போது மணி ஐயர் என்றே எழுதும்மா.