அயர்லாந்தில் பூசைக்கு ஆள் குறைந்தது ஏன்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்ற இதழில் இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். தங்களைக் கிறிஸ்தவர் என்று பதிந்தவர்கள் 2001-இல் 71.7 சதவீதம், 2021-இல் 46.2 சதவீதம். பாதிக்குக் கீழே இறங்கியது அதுவே முதல் முறை. மேற்கு நாடுகளில் கிறிஸ்தவம் தேய்வதைப் பற்றிக் கேட்டு, அந்த இரண்டு வரிக்கு ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. மேற்கு நாடுகள் என்று ஒட்டுமொத்தமாகப் பேசினால் எதுவும் விளங்காது. நான் நன்றாக அறிந்த ஒரு நாட்டை, அயர்லாந்தை, வைத்தே பதில் சொல்கிறேன். சென்னையில் எனக்குப் பாடம் சொன்னவர்கள் பிரசன்டேஷன் என்ற துறவற சபையின் ஐரிஷ் சிஸ்டர்கள். என் தங்கை மகள் இப்போது கால்வே நகரில் நர்ஸ். வரலாற்று ஆசிரியையாக ஓய்வு பெற்ற எனக்கு, இந்த நாட்டின் கதை வகுப்பில் நடத்திய எதையும்விட நெருக்கமானது.

ஐரோப்பாவில் கோயில்களை விற்று மதுக்கடை ஆக்கிவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. டப்ளின் என்று போட்டிருக்கிறது. உண்மையா? பணம் வந்ததும் கடவுளை மறந்துவிட்டார்களா?
– பாளையங்கோட்டை வாசகர்

படம் உண்மைதான். டப்ளின் மேரி தெருவில் இருந்த புனித மரியாள் ஆலயம் அது. கின்னஸ் பீர் நிறுவனத்தைத் தொடங்கிய ஆர்தர் கின்னஸுக்கு 1761-இல் திருமணம் நடந்த இடம். இன்று அங்கே மதுக்கூடமும் உணவகமும் நடக்கின்றன. ஆனால் அது கத்தோலிக்கக் கோயில் அல்ல, ஆங்கிலிக்கன் என்ற புராட்டஸ்டன்ட் திருச்சபையைச் சேர்ந்தது. வழிபாடு நின்றது 1964-இல். அந்தக் காலத்தில் பக்கத்துத் தெருக் கத்தோலிக்கக் கோயில்களில் ஞாயிற்றுக்கிழமை நிற்க இடம் கிடைக்காது. ஆகவே இந்தப் படம், அதைப் பரப்புகிறவர்கள் சொல்லும் கதையைச் சொல்லவில்லை.

கதையைச் சொல்வது டப்ளினின் பீனிக்ஸ் பூங்காதான். 1979 செப்டம்பரில் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் அங்கே பூசை வைத்தபோது பத்து லட்சத்துக்கும் மேல் கூட்டம். அப்போது அயர்லாந்துக் குடியரசின் மொத்த மக்கள்தொகையே முப்பத்தைந்து லட்சத்துக்குக் கீழே. 2018 ஆகஸ்டில் பாப்பரசர் பிரான்சிஸ் அதே பூங்காவில் பூசை வைத்தார். வந்தவர்கள் சுமார் 1,30,000 பேர் என்று வத்திக்கான் தரப்பே சொன்னது.

பணம் ஒரு காரணம், மறுக்கவில்லை. தொண்ணூறுகளில் அந்த நாடு செழித்தது. ஆனால் பணம் வந்த நாட்டில் எல்லாம் கோயில் காலியாகிவிடவில்லை. அயர்லாந்தில் மக்கள் மறந்துபோய் விலகவில்லை, நன்றாக நினைவில் வைத்துக்கொண்டுதான் விலகினார்கள்.

அறிவியல் வளர்ந்ததால் மதம் தேய்ந்தது என்று எங்கள் கல்லூரியில் ஒரு பேராசிரியர் சொன்னார். ஒப்புக்கொள்கிறீர்களா?
– கோயம்புத்தூர் மாணவர்

அயர்லாந்தைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்ளவில்லை, தம்பி. டார்வினைப் படித்துவிட்டுப் பூசைக்குப் போவதை நிறுத்தியவர்கள் அங்கே இருந்தால் மிகச் சிலராகத்தான் இருக்க வேண்டும். திருச்சபைக்கு அங்கே எவ்வளவு அதிகாரம் இருந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

1937 அரசியல் சட்டம் கத்தோலிக்கத் திருச்சபைக்கு ‘சிறப்பு நிலை’ தந்தது. 1972-இல்தான் மக்கள் வாக்களித்து அந்த வரியை எடுத்தார்கள். பள்ளிக்கூடம், மருத்துவமனை, அநாதை இல்லம் எல்லாம் பெரும்பாலும் துறவற சபைகளின் கையில். 1951-இல் நோயல் பிரவுன் என்ற சுகாதார அமைச்சர், தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச மருத்துவம் தர ஒரு திட்டம் கொண்டுவந்தார். குடும்பத்தின் பொறுப்பில் அரசு தலையிடக் கூடாது என்று ஆயர்கள் (பிஷப்புகள்) எதிர்த்தார்கள். மருத்துவர் சங்கமும் எதிர்த்தது. திட்டம் கைவிடப்பட்டது, அமைச்சர் பதவி விலகினார். தாய்க்கும் பிள்ளைக்கும் இலவச மருத்துவம் தரும் திட்டத்தை ஆயர்கள் எதிர்த்தார்கள் என்பதை இன்று படிக்கும்போதும் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

கருத்தடைச் சாதனம் விற்பதும் இறக்குமதி செய்வதும் 1935 முதல் குற்றம். 1971 மே மாதம் டப்ளின் பெண்கள் சிலர் ரயில் ஏறி, பிரிட்டன் ஆட்சியில் உள்ள வடக்கு அயர்லாந்தின் பெல்பாஸ்ட் போனார்கள். அங்கே வாங்கியதை எடுத்துக்கொண்டு திரும்பி, டப்ளின் ரயில் நிலையத்தில் சுங்க அதிகாரிகள் கண்முன்னே தூக்கிக் காட்டினார்கள். யாரையும் கைது செய்யவில்லை. 1979-இல் சட்டம் கொஞ்சம் தளர்ந்தது, அப்போதும் மருத்துவர் சீட்டு வேண்டும். 1967-இல் உயர்நிலைப் பள்ளிக் கல்வியை இலவசமாக்கினார்கள். அதில் படித்து வந்த தலைமுறை கேள்வி கேட்டது. 1973-இல் ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தில் நாடு சேர்ந்தது. விவாகரத்தை அனுமதிப்பதா என்ற வாக்கெடுப்பு 1986-இல் தோற்று, 1995-இல் வெறும் 9,114 வாக்கு வித்தியாசத்தில் வென்றது.

இதுவரை சொன்னது மெல்லிய விலகல்தான். விசுவாசம் உடைந்தது தொண்ணூறுகளில் வெளிவந்த விவகாரங்களால்தான். கால்வே ஆயர் ஏமன் கேசி, 1979-இல் பாப்பரசரைக் கால்வேயில் வரவேற்று மேடையில் நின்றவர். அவருக்கு ஒரு மகன் இருப்பது 1992-இல் வெளியே வந்தது. அதுகூட மனித பலவீனம் என்று மன்னிக்கக்கூடியது. பிள்ளைகளைச் சீரழித்த பிரெண்டன் ஸ்மித் என்ற குருவை ஆண்டுக்கணக்கில் இடம் மாற்றி மாற்றிக் காப்பாற்றி வைத்திருந்தார்களே, அதை மன்னிக்க முடியாது. அந்த விவகாரத்தில் 1994-இல் அரசே கவிழ்ந்தது. 2009-இல் இரண்டு விசாரணை அறிக்கைகள் வந்தன. துறவற சபைகள் நடத்திய சீர்திருத்தப் பள்ளிகளில் பிள்ளைகளை அடித்ததையும் கெடுத்ததையும் ஒன்று சொன்னது. டப்ளின் மறைமாவட்டம் புகார்களை மறைத்ததை மற்றது சொன்னது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தருவதற்காக 2002-இல் சபைகள் அரசோடு ஓர் ஒப்பந்தம் போட்டன. அவை ஏற்றுக்கொண்ட பங்கு 12.8 கோடி யூரோ. மொத்தச் செலவோ நூறு கோடி யூரோவைத் தாண்டியது. மீதியை வரி கட்டியவர்கள் கொடுத்தார்கள்.

டூவம் என்ற ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கால்வேயிலிருந்து காரில் போய்வரும் தூரம்தான். தங்கை மகள் ஒரு விடுமுறை நாளில் என்னை அழைத்துப் போனாள். வீட்டுமனைக் குடியிருப்புக்கு நடுவே ஒரு புல்தரை, பிள்ளைகள் விளையாடும் இடம், மூலையில் மாதா கெபி (குகை வடிவில் கட்டிய சிறு வழிபாட்டிடம்). 1925 முதல் 1961 வரை அங்கே திருமணமாகாத தாய்மாருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்குமான இல்லம் ஒன்று இருந்தது. சிஸ்டர்கள் நடத்தினார்கள். கேத்தரின் கோர்லெஸ் என்ற உள்ளூர்ப் பெண்மணி ஆர்வத்தால் ஊர் வரலாறு எழுதப் புகுந்தவர். அங்கே இறந்த பிள்ளைகளின் இறப்புச் சான்றிதழ்களைச் சொந்தக் காசு கட்டி வாங்கினார். 796 பிள்ளைகள். பக்கத்துக் கல்லறைத் தோட்டங்களின் பதிவேட்டைப் பார்த்தால், கிட்டத்தட்ட யாரையும் அடக்கம் செய்த பதிவு இல்லை. அரசு அமைத்த ஆணையம் 2016-17-இல் தோண்டிப் பார்த்தது. பழைய கழிவுநீர்க் கட்டமைப்போடு தொடர்புடையதாகத் தோன்றிய நிலத்தடி அறைகளில் குழந்தைகளின் எலும்புகள் கிடைத்தன. முழு இடத்தையும் தோண்டி ஒவ்வொரு பிள்ளையையும் அடையாளம் காணும் பணி 2025-இல்தான் தொடங்கியது.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளையைப் பற்றிக்கூட அத்தனை கவலைப்பட்ட திருச்சபை அது. ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளைக்கு ஒரு சிலுவை நட்டுக் குழி வெட்ட யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் கெபியின் முன்னால் எனக்குச் செபம் வரவில்லை. தம்பி, உங்கள் பேராசிரியரிடம் இதைச் சொல்லுங்கள். ஐரிஷ் மக்களின் விசுவாசத்தை உடைத்தது ஆய்வுக்கூடம் இல்லை.

நீங்களே கத்தோலிக்கர். நம் வீட்டு விஷயத்தை ஏன் சந்திக்கு இழுக்கிறீர்கள்? சிஸ்டர்கள் செய்த நன்மை உங்கள் கண்ணில் படவில்லையா?
– திருச்சி வாசகி (இங்கிலாந்து பற்றி எழுதியதற்கே இந்தக் கடிதம்)

அம்மா, பட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

நானோ நேகிள் என்ற பெண்மணி 1775-இல் கார்க் நகரில் பிரசன்டேஷன் சபையைத் தொடங்கினார். ஆங்கிலேய ஆட்சி கத்தோலிக்கர் பள்ளிக்கூடம் நடத்துவதையே குற்றமாக்கியிருந்த காலத்தில், அவர் அதற்கு முன்பே ஏழைப் பிள்ளைகளுக்கு ரகசியமாகப் பாடம் சொல்லத் தொடங்கியிருந்தார். இரவில் விளக்கை எடுத்துக்கொண்டு சந்து சந்தாகப் போய் நோயாளிகளைப் பார்த்தார். 1842-இல் அந்தச் சபையின் சகோதரிகள் கப்பலேறி சென்னைக்கு வந்தார்கள். வீடு திரும்புவோம் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்திருக்க முடியாது. ஜார்ஜ் டவுனில் அவர்கள் தொடங்கிய பள்ளியின் வழியில்தான் பின்னால் சர்ச் பார்க் வந்தது. எனக்கு ஆங்கில இலக்கணமும் கணக்கும், நிமிர்ந்து நின்று பேசவும் கற்றுத்தந்தவர் அந்த மரபில் வந்த ஒரு சிஸ்டர். மே மாத வெயிலில் அந்தக் கனத்த அங்கிக்குள் வேர்த்துக் கொட்டும், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

அதே நாடு, அதே விசுவாசம், அதே துறவற வாக்குறுதி. அதிகாரம் எதுவும் இல்லாத காலத்தில் அந்தத் திருச்சபை ஏழைகளோடு இருந்தது. அரசும் நீதிமன்றமும் காவல்துறையும் தலைவணங்கத் தொடங்கிய பிறகு ஏழைப் பெண்களைச் சலவைக்கூடத்தில் அடைத்தது. மகதலா சலவைக்கூடங்கள் என்று அவற்றுக்குப் பெயர். கடைசிக் கூடம் மூடியது 1996-இல், நம் வீடுகளில் கேபிள் டிவி வந்துவிட்ட காலத்தில். 2013-இல் பிரதமர் எண்டா கென்னி அந்தப் பெண்களிடம் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அவரும் கத்தோலிக்கர்தான். உண்மையை வெளியே கொண்டுவந்தவர்களில் எத்தனையோ பேர் கோயிலுக்குப் போய்வந்தவர்கள்தான். சந்திக்கு இழுக்காமல் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்ததால்தான் இத்தனை பிள்ளைகள் கெட்டார்கள், அம்மா.

சவிதா என்ற இந்தியப் பெண்ணின் மரணம்தான் அங்கே கருக்கலைப்புச் சட்டத்தை மாற்றியதா? நானும் நர்ஸ், வெளிநாடு போகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.
– நாகர்கோவில் வாசகி

சவிதா ஹலப்பனவர் கர்நாடகத்தைச் சேர்ந்தவர், பல் மருத்துவர், 31 வயது. 2012 அக்டோபரில் பதினேழு வாரக் கர்ப்பத்தில், கரு நிலைக்காது என்ற நிலையில், கால்வேயில் மருத்துவமனையில் சேர்ந்தார். கருவைக் கலைத்துவிடுங்கள் என்று கேட்டார். கருவின் இதயம் துடிக்கிறது, சட்டம் இடம் தராது என்று மறுத்தார்கள். இது கத்தோலிக்க நாடு என்று அவரிடம் சொன்னதைச் செவிலியர் ஒருவர் பின்னால் விசாரணையில் ஒப்புக்கொண்டார். நோய்த்தொற்று இரத்தத்தில் பரவி 28-ஆம் தேதி சவிதா இறந்தார். தொற்றை உரிய நேரத்தில் கவனிக்கவில்லை என்பதையும் விசாரணைகள் சொல்லின. நர்ஸாகப் போகும் நீங்கள் இதை மறக்கக் கூடாது.

அவர் ஒருவரால் மட்டும் சட்டம் மாறியது என்று சொல்ல முடியாது. கருவுக்கும் தாய்க்கும் சமமான உயிருரிமை என்ற திருத்தத்தை 1983-இல் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்தார்கள். 2018-இல் 66.4 சதவீதம் பேர் வாக்களித்து நீக்கினார்கள். முப்பத்தைந்து ஆண்டில் கணக்கு அப்படியே தலைகீழ். நடுவில் எத்தனையோ பெண்கள் இங்கிலாந்துக்குப் போய்வந்த கதைகள் உண்டு. ஆனால் 2018-இல் டப்ளின் சுவர் ஒன்றில் சவிதாவின் முகத்தை வரைந்து, அதைச் சுற்றி மக்கள் எழுதி ஒட்டிய சீட்டுகள் நிறைய. வயிற்றுப் பிள்ளையும் உயிர் என்பது என் நம்பிக்கை. அதை நான் விடவில்லை. அந்த நம்பிக்கையைச் சட்டமாக்கி, செத்துக்கொண்டிருந்த ஒருத்தியின் படுக்கையருகே காவல் நிறுத்தியதை என்னால் ஏற்க முடியாது.

அப்படியானால் அயர்லாந்தில் கிறிஸ்தவத்தின் செல்வாக்கு முடிந்துவிட்டதா?
– மதுரை வாசகர்

இல்லை. 2022 கணக்கெடுப்பில்கூட 69 சதவீதம் பேர் கத்தோலிக்கர் என்றே எழுதினார்கள் (1961-இல் 95 சதவீதம்). அரசுத் தொலைக்காட்சியில் மாலை ஆறு மணிக்கு இன்றும் மூவேளைச் செபத்துக்கான மணி ஒலிக்கிறது. பத்தில் ஒன்பது தொடக்கப் பள்ளிகள் கத்தோலிக்க நிர்வாகத்தில் இருக்கின்றன. புதுநன்மைக்கு, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்க, பெண்பிள்ளைகள் வெள்ளைக் கவுன் போட்டுப் போகும் நாளில் ஊரே திருவிழாதான். அடுத்த ஞாயிறு அந்தக் குடும்பங்களைக் காணோம். பெரிய வெள்ளியில் மதுக்கடை திறக்கக் கூடாது என்ற தடை 2018-இல் போனது. அதற்காக எனக்கு வருத்தமில்லை. நோன்பு சட்டத்தால் வருவதில்லை.

எல்லாம் ஒரே திசையில் ஓடுகிறது என்றும் எண்ண வேண்டாம். வீட்டில் தாயின் கடமைகளைப் பற்றிய பழைய வரிகளை அரசியல் சட்டத்திலிருந்து மாற்ற 2024 மார்ச்சில் வாக்கெடுப்பு வைத்தார்கள். பெரிய கட்சிகள் எல்லாம் ஆதரித்தும் 73.9 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

என் மகள் டப்ளினுக்கு மேல்படிப்புக்குப் போகிறாள். அங்கே கோயிலுக்குப் போகும் பழக்கம் விட்டுப்போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. நம் ஊர்ச் சாமியார்கள் அங்கே இருக்கிறார்களாமே?
– தூத்துக்குடி வாசகி

இருக்கிறார்கள். கேரளத்துக் குருக்கள், நைஜீரியக் குருக்கள், போலந்துக் குருக்கள். ஒரு காலத்தில் உலகெங்கும் குருக்களை அனுப்பிய நாட்டில் இன்று ஒரே குருவானவர் இரண்டு மூன்று பங்குகளை (கோயில் வட்டாரங்களை) பார்க்கிறார். கால்வேயில் நான் கலந்துகொண்ட ஞாயிறு பூசையில் முன்வரிசை எல்லாம் நரைத்த தலைகள், பின்வரிசை எல்லாம் கைக்குழந்தையோடு மலையாளி நர்ஸ்கள். டப்ளினில் சீரோ மலபார் என்ற கேரளக் கத்தோலிக்கப் பிரிவினரின் மலையாளப் பூசையும் உண்டு.

மகள் போய்ச் சேர்ந்ததும் பங்கு அலுவலகத்தில் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். பாடத் தெரிந்தால் பாடகர் குழுவில் சேரட்டும், இளம் குரலுக்கு ஏங்கிக் கிடக்கிறார்கள். ஞாயிறு வேலை இருந்தால் சனி மாலைப் பூசை அங்கே வழக்கம். கூடப் படிக்கும் ஐரிஷ் பிள்ளை தனக்குச் சபையே பிடிக்காது என்று சொன்னால் மகள் வாதாட வேண்டாம். அந்தப் பிள்ளையின் பாட்டி எந்த இல்லத்தில் இருந்தார் என்று நமக்குத் தெரியாது. முதலில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.