பழைய லாரிக்கு ரெடி இன்ஜின் வாங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அப்பா ஓட்டிய 1979 மாடல் டாடா 1210 லாரி ஒன்பது வருடமாகத் தோட்டத்தில் நிற்கிறது. விற்க மனமில்லை. பெயின்ட் அடித்து ஓட வைக்க ஆசை. பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்தோம். ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை. "பேக் கம்ப்ரஷன் ஜாஸ்தி, பிரித்தால் செலவு கட்டாது, ரெடி இன்ஜின் வாங்கிப் போட்டுவிடலாம்" என்கிறார் மெக்கானிக். ஃபுல் வேலை பார்த்த டாடா 692 ரக இன்ஜின் ஒன்று 1,40,000 ரூபாய்க்கு இருக்கிறது என்று அவரே சொல்கிறார். வாங்கலாமா?
(திருச்செங்கோடு வாசகர்)

வாங்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் இன்ஜினைப் பிரித்து அளந்து பார்க்காமல் வாங்காதீர்கள்.

பேக் கம்ப்ரஷன் என்றால் சிலிண்டரில் எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிவது. அது வந்தால் ரிங், பிஸ்டன், லைனர் (பிஸ்டன் ஓடும் உருளை) பக்கம் பழுது என்று அர்த்தம். ஒன்பது வருடம் நின்ற வண்டியில் ரிங் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. இதெல்லாம் கடையில் புதிதாகக் கிடைக்கிற சாமான். பழைய இன்ஜினில் விலைமதிப்பானவை இரண்டே இரண்டு: பிளாக் (இன்ஜினின் இரும்பு உடல்), கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு). அவை நன்றாக இருந்தால் இன்ஜின் இருக்கிறது என்று பொருள். அவை போய்விட்டால் மற்ற சாமானைப் புதிதாகப் போட்டுப் பயனில்லை. நீங்கள் வெளியில் வாங்கப்போகும் 'ரெடி இன்ஜின்' என்பதும் யாரோ ஒருவருடைய பிளாக்கும் கிராங்க்கும்தான். அவற்றின் சரித்திரம் உங்களுக்குத் தெரியாது. உங்களுடையதோ அப்பா ஓட்டியது.

அதனால் முதலில் இறக்கிப் பிரியுங்கள். பிளாக்கையும் கிராங்க்கையும் லேத்துக்குக் கொண்டுபோய், மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, அளவைத் தாளில் எழுதி வாங்குங்கள். கிராங்க் இதுவரை எத்தனை தடவை கிரைண்டிங் ஆகியிருக்கிறது என்பது முக்கியம். ஒவ்வொரு கிரைண்டிங்கிலும் கிராங்க் சற்று மெலியும், அதற்கேற்ப பொதுவாக 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்று அண்டர்சைஸ் பேரிங் வரும். 0.25-இல் இருந்தால் இன்னும் இரண்டு மூன்று ஆயுள் மிச்சம். ஏற்கெனவே 1.00-க்கு வந்திருந்தால் அந்தக் கிராங்க்குக்கு அதுதான் கடைசிப் படி. அப்போதும் முழு இன்ஜின் தேவையில்லை, நல்ல கிராங்க் ஒன்று தேடினால் போதும். பிளாக்கில் வெடிப்பு இருந்தால் மட்டும்தான் வெளியே இன்ஜின் பார்க்கப் போக வேண்டும்.

மெக்கானிக்குக்கு அதில் கமிஷன் இருக்கலாம். அது ஊரில் இல்லாத வழக்கமில்லை, தெரிந்துகொண்டு பேசினால் சரி.

கேள்வி: அப்படியே வாங்குவதானால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? எங்கே கிடைக்கும்?
(அதே வாசகர்)

சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம் எல்லாரும் அறிந்த இடங்கள். ஆனால் பழைய டாடா லாரி இன்ஜினுக்கு நான் முதலில் விசாரிக்கச் சொல்வது சங்ககிரி, நாமக்கல் பக்கத்து பட்டறைகளில். பல ஆண்டுகளாக லாரித் தொழிலிலேயே ஊறிய ஊர்கள் அவை. உங்களுக்குப் பக்கமும்கூட. கடைக்காரரைவிட, வயதான லேத்காரரிடம் "692 பிளாக் யாரிடமாவது கிடக்கிறதா?" என்று கேளுங்கள். அவர் கையைத் தாண்டித்தான் எல்லா இன்ஜினும் போயிருக்கும்.

நான் ஒருமுறை ஏமாந்ததைச் சொல்கிறேன். உறவினர் ஒருவருக்காக ஒரு கடையில் இன்ஜின் பார்க்கப் போனேன். வெள்ளி பெயின்ட் அடித்து, கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி நிறுத்தியிருந்தார்கள். ஸ்டார்ட் செய்தார்கள், ஒரே அடியில் பிடித்தது. சந்தோஷத்தில் முன்பணம் கொடுத்துவிட்டேன். மறுநாள் எங்கள் மெக்கானிக் வந்து, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பிளாக்கின் பக்கவாட்டில் ஓரிடத்தை அழுத்தித் துடைத்தார். பெயின்ட் போனது, அதற்கடியில் சாம்பல் நிறத்தில் எம்-சீல் பசை. நகத்தால் சுரண்டினார், அதற்கடியில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. ஒரே அடியில் ஸ்டார்ட் ஆன ரகசியமும் அப்புறம்தான் உறைத்தது: நாங்கள் போகும் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள்.

எனவே கடைக்குப் போனதும் முதல் வேலை, இன்ஜின்மேல் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் டீ குடிக்கப் போய்விட்டு, இரண்டு மணி நேரம் கழித்து வாருங்கள். ஸ்டார்ட் ஆனபின் அரை மணியாவது ஓட விட்டு, நன்றாகச் சூடேறிய பிறகு ஐடிலில் ஆயில் பிரஷர் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். குளிர்ந்த ஆயிலில் எந்த இன்ஜினும் நல்ல பிரஷர் காட்டும். ரேடியேட்டர் தண்ணீரில் தொடர்ந்து குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், அல்லது வெடிப்பு. புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது.

இன்னொன்று, 692 கேட்டால் 697-ஐக் காட்டி "எல்லாம் ஒன்றுதான்" என்பார்கள். ஒன்றில்லை. அந்த நம்பரிலேயே விஷயம் இருக்கிறது: 6 சிலிண்டர், 92 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்). 697 என்றால் 97 மில்லிமீட்டர் போர். ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) வேறு, 120-க்குப் பதில் 128. ஒன்று சுமார் 4.8 லிட்டர், மற்றது 5.7 லிட்டர் அளவு. கிராங்க், பிஸ்டன் எதுவும் மாறிப் பொருந்தாது. 697 நல்ல இன்ஜின்தான், பலர் மாற்றியும் போட்டிருக்கிறார்கள். ஆனால் ஆர்.சி. விஷயத்தில் அது வேறு கதை.

விலை பேசும்போது என்னென்ன சேர்ந்து வருகிறது என்று எழுதி வாங்குங்கள். மைக்கோ டீசல் பம்ப், நாசில்கள், ஸ்டார்ட்டர், டைனமோ, ஃப்ளைவீல் எல்லாம் உண்டா? ஓடவிட்டுக் காட்டிய பம்ப்பைக் கழற்றி வைத்துக்கொண்டு, "பம்ப் தனி சார்" என்பவர்கள் உண்டு.

கேள்வி: வேறு இன்ஜின் போட்டால் ஆர்.சி. புத்தகத்தில் நம்பர் மாறுமே? ஐம்பது வருடம் ஆன வண்டிக்கு வின்டேஜ் பதிவு கிடைக்கும் என்கிறார்களே, லாரிக்கும் உண்டா?
(கரூர் வாசகர்)

இன்ஜின் மாற்றினால் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். வேறு ரக இன்ஜின் என்றால் மாற்றும் முன்பே அனுமதி வாங்கிவிடுங்கள். அதற்கு இன்ஜின் நம்பர் குறிப்பிட்ட பில் அவசியம். நம்பரைத் தேய்த்த தடம் தெரிந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்தால் போலீஸ் தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான்.

வின்டேஜ் விதி 2021-இல் வந்தது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அது இருசக்கர வண்டிகளுக்கும், ஆள் ஏறும் கார் வகைக்கும் எழுதப்பட்டது. சரக்கு லாரி அதில் வராது. காருக்குக்கூட இன்ஜினையோ சேஸியையோ மாற்றி அமைத்திருந்தால் கிடைக்காது. கார் வைத்திருக்கும் வாசகர்கள் சொந்த இன்ஜினைக் கைவிடாமல் இருக்க இது இன்னொரு காரணம்.

கேள்வி: எங்களிடம் பழைய ஃபார்கோ லாரி இருக்கிறது, பெர்கின்ஸ் பி6 டீசல் இன்ஜின். சாமான் எதுவும் கிடைக்கவில்லை. என்ன செய்வது?
(பொள்ளாச்சி வாசகர்)

கொடுத்து வைத்தவர். சென்னை செம்பியத்தில் சிம்ப்சன் கம்பெனி 1950-களிலிருந்து பெர்கின்ஸ் இன்ஜின் செய்தது. அதனால் டாட்ஜ், ஃபார்கோ, பெட்ஃபோர்டு லாரி பார்த்த பழைய கைகள் இங்கே இன்னும் இருக்கின்றன. பி6-க்கு ரிங், பேரிங் தேடுவது கஷ்டம். அளவைக் கொடுத்து லேத்தில் செய்யச் சொல்ல வேண்டியிருக்கும். அசலாகவே இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால், அதே பெர்கின்ஸில் பின்னால் வந்த 6.354 இன்ஜினைப் பாருங்கள். 354 கன அங்குலம், சுமார் 5.8 லிட்டர். மவுண்டிங், பெல் ஹவுசிங் அளவுகளைச் சரிபார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பி6-ஐ மட்டும் எடைக்குப் போட்டுவிட வேண்டாம். ஷெட்டில் ஒரு மூலையில் எண்ணெய் தடவி, சாக்குப் போட்டு மூடி வையுங்கள்.

கேள்வி: பழைய லாரியின் இன்ஜின் வேலைக்கு மொத்தமாக ஒன்றரை லட்சம் புரட்ட முடியவில்லை. நகையை வைக்கலாமா?
(முசிறி வாசகர்)

சம்பாதிக்காத லாரிக்கு நகையை வைக்காதீர்கள். வட்டி ஓடும், வண்டி நிற்கும். இந்த வேலையின் நல்ல குணமே அதைத் துண்டு துண்டாகச் செய்யலாம் என்பதுதான். இறக்கிப் பிரித்து அளக்க ஒரு செலவு. அப்புறம் லேத் வேலை. அப்புறம் பிஸ்டன், லைனர், பேரிங், கேஸ்கெட் செட். ஹெட், வால்வு. கடைசியில் பம்ப், நாசில். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூன்று நான்கு மாதம் விட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. தெரிந்த இடத்தில் இருபது மாதச் சீட்டு ஒன்று போட்டு, எடுத்ததும் லேத் வேலையை முடித்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருவர். பம்ப் வேலையை முதலில் செய்துவிடாதீர்கள். ஒரு வருடம் ஷெட்டில் கிடந்தால் மறுபடி அதே செலவு வரும்.

உதிரி பாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான். இன்னும் 28 போட்டு பில் தந்தால் கேளுங்கள்.

கேள்வி: ரீபில்ட் இன்ஜின் வாங்கி இருபது நாளில் ஆயில் குடிக்கிறது. "பழைய சாமானுக்கு கேரண்டி கிடையாது" என்கிறார் கடைக்காரர். வழக்குப் போட முடியுமா?
(மதுரை வாசகர்)

பில்லில் 'பழைய இன்ஜின்' என்று இருக்கிறதா, 'ஃபுல் வேலை பார்த்தது' என்று இருக்கிறதா? இரண்டாவது என்றால் உங்கள் பக்கம் பலம் இருக்கிறது. வேலை பார்த்ததாகச் சொல்லிப் பணம் வாங்கியவர் அந்த வேலைக்குப் பொறுப்பு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். எதிர்த்தரப்பு முதலில் சொல்வது, "லாரி வியாபாரத்துக்கு, இவர் நுகர்வோரே அல்ல" என்பதாக இருக்கும். நீங்களே ஓட்டி அதில் பிழைக்கிற ஒற்றை வண்டி என்றாலும், சொந்த ஆசைக்கு வைத்திருப்பது என்றாலும் அந்த வாதம் எடுபடாது. பத்து லாரி வைத்திருந்தால் எடுபடக்கூடும்.

அதற்கு முன் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள், சில கடைக்காரர்கள் அதிலேயே இறங்கி வருவார்கள். முக்கியமாக, கோபத்தில் இன்ஜினை நீங்களே பிரித்துவிடாதீர்கள். பிரித்தால் "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்பார். கடைக்காரருக்கு ஸ்பீட் போஸ்ட் தபாலில் தேதி குறிப்பிட்டு எழுதி, அவரையும் வரச்சொல்லி, வேறொரு பட்டறையில் வீடியோ எடுத்துக்கொண்டு பிரியுங்கள். அவர் வராவிட்டாலும் அந்தத் தபால் ரசீது உதவும்.