கரண்ட் வந்த பிறகு மீன் சாவது ஏன்?

கேள்வி: டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். ஏழு மாதமாக 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். கோமாளி மீன் இரண்டு, நீல டாங் ஒன்று, டாம்செல் ஒன்று. முந்தாநாள் இரவு ஐந்து மணி நேரம் கரண்ட் இல்லை. திரும்ப வந்தபோது மீன்கள் நன்றாகத்தான் இருந்தன. காலையில் பார்த்தால் டாம்செல் செத்துக் கிடந்தது. மற்றவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. உடம்பில் புள்ளி எதுவும் தெரியவில்லை. கடையில் செம்பு மருந்து கொடுத்தார்கள். ஊற்றலாமா? இல்லை, தண்ணீரை முழுக்க மாற்றிவிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். செம்பு, இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். பாறையில் ஊறிக்கொண்டால் லேசில் போகாது. அதைத் தனித் தொட்டியில்தான் பயன்படுத்த வேண்டும்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பட்டது ஒரே விஷயம்: கரண்ட் போனபோது சாகாத மீன், வந்த பிறகு செத்திருக்கிறது. உங்களிடம் இருப்பது மூடிய கேனிஸ்டர் ஃபில்டரா? அப்படியென்றால் என் சந்தேகம் அதன் மேல்தான். கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவுக்கு ஓயாமல் ஆக்சிஜன் வேண்டும். ஓட்டம் நின்றால், அடைத்த டப்பாவுக்குள் இருக்கும் கொஞ்ச ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும். பாக்டீரியா சாகும், அழுக்கு அழுகும். கரண்ட் வந்ததும் மோட்டார் அந்த நாற்றத் தண்ணீரை அப்படியே தொட்டிக்குள் தள்ளும். ஃபில்டரைத் திறந்து முகர்ந்து பாருங்கள்; அழுகின முட்டை வாடை வந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

கடல்நீரில் இது இன்னும் மோசம். 25 டிகிரியில் நன்னீர் ஒரு லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், கடல்நீர் 6.7 தான். டர்பன் கோடையில் தொட்டி 30 டிகிரியைத் தொட்டால் அதிலும் குறையும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவும் அப்படித்தான்: கடல்நீர்த் தொட்டியின் பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) 8.2-இல் அதன் நச்சுப் பகுதி, பி.எச். 7-இல் இருப்பதைப்போல் பத்து மடங்குக்கும் மேல்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. பவர்ஹெட்டின் (தொட்டிக்குள் தண்ணீரை ஓடவைக்கும் சிறு மோட்டார்) வாயை மேல்நோக்கித் திருப்பி, நீர்ப்பரப்பு நன்றாகக் கலங்கும்படி விடுங்கள். ஏர் பம்ப் இருந்தால் அதையும் போடுங்கள். ஆனால் அந்த அறையில் கொசு மருந்து அடிக்கக் கூடாது. பம்ப் அறைக்காற்றைத்தான் இழுக்கிறது. அந்த மருந்து மீனுக்கு விஷம். வெள்ளிக்கிழமை சாம்பிராணியையும் வேறு அறையில் போடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

அடுத்து, தொட்டியிலிருந்து ஒரு வாளி தண்ணீர் எடுத்து அதில் ஃபில்டர் பஞ்சையும் கல்லையும் அலசுங்கள். குழாய்த் தண்ணீர் ஆகாது. அதிலுள்ள குளோரின், மிச்சமிருக்கும் பாக்டீரியாவையும் தீர்த்துவிடும். அம்மோனியா சோதனையில் லிட்டருக்கு 0.25 மில்லிகிராமுக்கு மேல் காட்டினால் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள், தேவைப்பட்டால் மறுநாளும். புதுத் தண்ணீரின் உப்பு அடர்த்தியும் வெப்பமும் தொட்டியில் இருப்பதோடு ஒத்துப்போகட்டும். அடர்த்தி பொதுவாக 1.025-ஐ ஒட்டி இருக்க வேண்டும். கடற்கரை பக்கத்தில்தானே என்று புளூ லகூனில் கேன் பிடிக்கப் போய்விடாதீர்கள். உம்கேனி ஆறு அங்கேதான் கடலில் சேருகிறது. மழை பெய்தால் உப்பும் குறையும், ஊர்க் கழிவும் கலக்கும். இரண்டு நாள் தீனி போடாமல் இருங்கள்.

இனி கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால், கரண்ட் வந்தவுடன் கேனிஸ்டரை ஓடவிடாமல் முதலில் கழற்றி அலசுங்கள்.

நீல டாங் ஒரு அடி வரை வளரும். 200 லிட்டர் அதற்குச் சிறை. பெரிய தொட்டிக்காரர் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோயிலும் புள்ளி தெரியாமலே மூச்சு வாங்கும். இன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். மீனின் தோலில் மாவு தூவியதுபோல் மினுமினுத்தால் உடனே எழுதுங்கள். அப்போது அந்தச் செம்பு மருந்தைப் பற்றிப் பேசுவோம், தனித் தொட்டியோடு.