நானோ துகள்கள் மருந்தை நேராகப் புற்றுநோய்க் கட்டிக்கே கொண்டு போய்ச் சேர்க்கும் என்கிறார்களே, உண்மையா?

அந்த 'நேராக'தான் பொய்.

வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இதைக் கேட்கிறீர்கள் என்றால் என் பதிலை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள், நான் டாக்டர் இல்லை, உயிரிப்பொருள் ஆராய்ச்சியில் இருப்பவன். ஆனால் கேள்வியின் தொனியைப் பார்த்தால் புதிதாக ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர் மாதிரித் தெரிகிறது. அப்படியானால் என் கதையைக் கேளுங்கள்.

இந்தத் துறையில் எல்லாக் கட்டுரையிலும் ஒரு படம் இருக்கும்: ரத்தக் குழாய்க்குள் உருண்டை உருண்டையாகத் துகள்கள், ஓர் அம்புக்குறி, அது முடியும் இடத்தில் கட்டி. நானும் வரைந்தேன். கட்டியின் ரத்தக் குழாய்கள் ஒழுகும், பெரிய மூலக்கூறுகள் அதன் வழியே உள்ளே போய்த் தங்கிவிடும் என்று 1986-ல் ஜப்பானில் மட்சுமுராவும் மயேதாவும் எழுதியதை வேதவாக்காக எடுத்துக்கொண்ட வயது.

துகள் செய்தது பி.எல்.ஜி.ஏ. பாலிமரில். உடம்புக்குள் லாக்டிக் அமிலமாகவும் கிளைக்காலிக் அமிலமாகவும் சிதைந்துவிடும் என்பதால் பெரும்பாலும் எல்லாரும் முதலில் கைவைப்பது அதில்தான். அசிட்டோனில் கரைத்து, சுழன்றுகொண்டிருக்கும் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டால் நீலம் பாய்ந்த நீர்த்த பால் மாதிரி ஆகும். அந்த நீலத்தைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு ஒரு சந்தோஷம்தான். துகளின் அளவு 140 நானோமீட்டர் வந்தது. (அதை அளக்கும் மெஷினில் ஒரு மணி நேரம் கிடைக்க மூன்று வாரம் காத்திருந்தேன். செல்வாக்குள்ள ஆட்கள் நாள் முழுக்கப் பதிவு செய்துவிட்டு வரவே மாட்டார்கள், நாம் போய்த் திறந்தால் யாரோ கழுவாமல் விட்ட குவெட் (மாதிரியை ஊற்றி வைக்கும் சின்னக் குப்பி) உள்ளே உட்கார்ந்திருக்கும். கேட்டால் நாம்தான் கெட்டவன். சரி, விடுங்கள்.)

துகளுக்குள் மருந்தோடு ஒளிரும் சாயமும் ஏற்றி எலிக்கு ஊசி போட்டோம். மறுநாள் கட்டி பளிச்சென்று தெரிந்தது. கல்லீரல் அதைவிடப் பளிச்சென்று தெரிந்தது, ஆனால் கூட்டத்தில் காட்டிய படத்தைக் கட்டி இருக்கும் பக்கமாக வெட்டித்தான் வைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத ஒரு பெண் கேட்டாள்: "அண்ணா, சாயத்தை மட்டும் தனியா போட்டுப் பாத்தீங்களா?"

பார்த்திருக்கவில்லை. போட்டோம். கட்டி அதே மாதிரி ஒளிர்ந்தது.

அப்புறம்தான் புத்தி வந்து, துகளைத் தண்ணீரில் ஒரு குழாய், சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) ஒரு குழாய் என்று கலந்து, 37 டிகிரியில் நாலு மணி நேரம் வைத்து, துகள் அடியில் படியும்படி செண்ட்ரிஃபியூஜில் வேகமாகச் சுற்றினேன். தண்ணீர்க் குழாயில் அடியில் துகள் நல்ல நிறத்தில் வில்லையாகப் படிந்திருந்தது, மேலே தெளிந்த நீர். சீரக் குழாயில் அடியில் வெளுத்த வில்லை, நிறம் முழுக்க மேலே. அதாவது சாயம் துகளை விட்டுக் கழன்றுவிட்டது; கட்டியில் ஒளிர்ந்தது துகள்தான் என்று சொல்ல முடியாது. எட்டு மாத வேலை அந்தக் குழாய்க்குள் போனது. "படம் நல்லாத்தானே இருக்கு" என்றார் வழிகாட்டி.

உடனே 'அப்போ டாக்சில்?' என்று யாராவது வருவார்கள், தெரியும். 1995-லேயே அமெரிக்காவில் அனுமதி வாங்கிய லைப்போசோம் மருந்து, அதாவது கொழுப்பு உருண்டைக்குள் அடைத்த புற்றுநோய் மருந்து, நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் பெரிய லாபம் இதயத்துக்கு வரும் கேடு குறைந்தது; பதிலுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து உரியும் தொல்லை வந்தது. அம்பு தோலுக்கும் போகிறது என்று அர்த்தம். அதுவரை வெளிவந்த எலி ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2016 கட்டுரை, ஊசியில் போனதில் கட்டிக்குப் போய்ச் சேர்வது நடுமதிப்பில் 0.7 சதவீதம் என்றது. அந்தக் கணக்குமுறையில் சண்டை உண்டு, சரி, பத்து மடங்கு கூட்டிக்கொள்ளுங்கள், அப்போதும் பெரும்பங்கு வேறெங்கோதான்.

அந்த வேறெங்கோவில் முதலிடம் கல்லீரலுக்கு. 2018-ல் அனுமதி பெற்ற பட்டிசிரான் என்ற பரம்பரை நோய் மருந்து கல்லீரலோடு சண்டை போடவில்லை. கொழுப்புத் துகள்மேல் ரத்தத்திலுள்ள ஒரு புரதம் ஒட்டி, அதுவே கல்லீரல் செல்லுக்குள் கூட்டிப் போகிறது. நோய்க்குக் காரணமான புரதம் தயாராவதும் அங்கேதான். இதைத்தான் நான் புத்திசாலித்தனம் என்பேன், என் அம்புக்குறியை அல்ல.

நீங்கள் துகள் செய்பவராக இருந்தால், எலியைத் தொடுமுன் சீரத்தில் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். வில்லை வெளுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.