நூலகத்துக்கு ஒரு தெருக்கதவு – கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். கடலூர் முதுநகர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவியாக இருக்கிறேன். பெரிய படிப்பு இல்லை, பிளஸ் டூதான். வீட்டிலேயே தையல் வேலை. என் இரண்டு பிள்ளைகளும் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறார்கள்.

அங்கே படித்துவிட்டு இப்போது சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறவர்கள் சேர்ந்து ஆறு லட்சம் ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நூலகத்தைப் புதுப்பிக்க வேண்டும், அது ஊருக்கும் பயன்பட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. வரைபடம்கூட அனுப்பிவிட்டார்கள். மாடியில் ஏ.சி. அறை, கண்ணாடிக் கதவு, நாலு கம்ப்யூட்டர், சுவர் முழுக்கத் தலைவர்கள் படம். எச்.எம். டீச்சர் தங்கமானவர். ஆனால், 'வெளியாளை உள்ளே விட்டால் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு? புத்தகம் காணாமல் போனால் ஆடிட்டில் யார் பதில் சொல்வது?' என்று கேட்கிறார். அவர் கேட்பதும் நியாயமாகத்தான் படுகிறது. எனக்கு, எங்கள் தெருப் பெண்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து படிக்க ஓர் இடம் கிடைத்தால் போதும். எதை முதலில் செய்யச் சொல்வீர்கள்?

ம., கடலூர்

அன்புள்ள ம.,

வரைபடத்தில் இருப்பதையெல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். கதவு எந்தப் பக்கம் என்று மட்டும் எழுதவில்லை. எனக்கு முதல் கேள்வி அதுதான்.

மாடியில் இருக்கும் நூலகத்துக்கு ஊர்க்காரர் வர வேண்டுமானால் பள்ளி கேட்டைத் தாண்ட வேண்டும், வாட்ச்மேனிடம் சொல்ல வேண்டும், வகுப்பறைகளைக் கடக்க வேண்டும், படி ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரப் பெரியவர் கேட்டிலேயே திரும்பிவிடுவார். மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு வருகிற பெண் அந்த கேட்டுக்கே வரமாட்டார். பள்ளிக்கூட வாசல் என்றால் நம் சனங்களுக்கு இன்னும் ஒரு தயக்கம் உண்டு. பிள்ளை தப்புச் செய்தால்தான் அங்கே கூப்பிடுவார்கள் என்று பழகிவிட்டோம்.

அதனால் மாடி வேண்டாம். மதில் ஓரமாக, தெருவைப் பார்த்த மாதிரி கீழே ஓர் அறை இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலான பள்ளிகளில் இருக்கும். உடைந்த பெஞ்சும் பழைய விடைத்தாளும் போட்டு வைத்திருப்பார்கள். அந்த அறைக்கு இரண்டு கதவு வையுங்கள். ஒன்று பள்ளிப் பக்கம், ஒன்று தெருப் பக்கம். பள்ளி நடக்கும்போது தெருக்கதவு பூட்டியிருக்கும். நாலரை மணிக்குப் பிள்ளைகள் போனதும் பள்ளிக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள், தெருக்கதவு திறப்பு. ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. பள்ளி நேரத்தில் வெளியாள் உள்ளே வரும் பேச்சே இல்லை. எச்.எம்.மின் முதல் கேள்விக்கு ஒரு கொத்தனாரும் ஒரு தச்சரும் பதில் சொல்லிவிடுவார்கள்.

கூடவே கழிப்பறை. அதுவும் தெருக்கதவு வழியாக வருகிறவர்கள் பள்ளிக்குள் போகாமலே பயன்படுத்துகிற மாதிரி இருக்க வேண்டும். பெண்கள் உட்கார இடம் கேட்டீர்களே, இது இல்லாவிட்டால் அரை மணி நேரத்துக்கு மேல் யாரும் உட்கார மாட்டார்கள். வரைபடம் போட்டவர்கள் ஆண்களாகத்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

'பள்ளியை எப்படி ஊருக்குத் திறப்பது' என்று தயங்குகிறவர்களிடம் ஒன்று கேளுங்கள். நம் ஊர்ப் பள்ளிகள் ஊருக்குத் திறக்காமலா இருந்தன? 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தபோது சனம் பள்ளிக்கூடங்களில்தான் படுத்துக் கிடந்தது. 2011-ல் 'தானே' புயல், 2015 வெள்ளம், எல்லாவற்றுக்கும் அங்கேதான் முகாம். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி. புயலுக்கும் ஓட்டுக்கும் திறக்கிற கதவு புத்தகத்துக்கும் திறக்கலாம். வெளிநாட்டிலும் இது புதுசில்லை. தென் ஆஸ்திரேலியாவின் சின்னச் சின்ன ஊர்களில் 1970-களிலிருந்து பள்ளி நூலகமே ஊர் நூலகமாக நடக்கிறது.

எச்.எம்.மின் இரண்டாவது கேள்விதான் கனமானது. அதற்கு முன்னால் என் கதை ஒன்று.

நானும் முதுநகரில் வளர்ந்தவன்தான். நான் படித்த பள்ளியில் நூலகம் என்பது ஓர் இரும்பு பீரோ. கண்ணாடி போட்ட கதவு, தலைமையாசிரியர் அறையில். ஏதாவது வேலையாக அந்த அறைக்கு அனுப்பும்போதெல்லாம் கண்ணாடி வழியாக ஒரு புத்தகத்தின் முதுகைப் பார்ப்பேன். நீல அட்டை, 'கடல்' என்று மட்டும் தெரியும், மீதி எழுத்தைக் கதவுச் சட்டம் மறைத்துவிடும். எட்டாம் வகுப்பில் ஒருநாள் துணிந்து கேட்டேன். 'தொலைத்துவிட்டால் உங்கப்பா கட்டுவாரா?' என்றார் ஆசிரியர். கட்டமாட்டார் என்பது எனக்கும் தெரிந்ததால் திரும்பிவிட்டேன். ஐந்து வருடம் அந்த நீல முதுகைப் பார்த்திருக்கிறேன், ஒரு பக்கம்கூடப் புரட்டியதில்லை.

2015 வெள்ளம் வடிந்த பிறகு அந்தப் பள்ளிக்குப் போனேன். சுவரில் இடுப்புயரத்துக்கு சேற்றுக் கோடு. பீரோ அதே இடத்தில் நின்றது. சாவி இருந்தது, ஆனால் கதவு திறக்கவில்லை. உள்ளே நனைந்த புத்தகங்கள் ஊதி, ஒன்றையொன்று நெருக்கி, கதவையும் பிடித்துக்கொண்டுவிட்டன. கடைசியில் கடப்பாரை வைத்து நெம்பினார்கள். வெளியே வந்தவற்றில் பல புத்தகங்களில் கடன் கொடுத்த தேதி போடும் சீட்டு வெறுமையாக இருந்தது, தண்ணீர்க் கறை மட்டும். 'கடல்' எது என்று தேடினேன். எல்லாம் ஒரே களிமண் நிறம்.

அந்த ஆசிரியர்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. இருப்புப் பதிவேட்டில் 412 என்று எழுதியிருந்தால் ஆய்வு நாளில் 412 இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் கேள்வி அவருக்கு. யாரும் படிக்காததற்கு ஒரு கேள்வியும் கிடையாது. அப்படியிருக்க யார்தான் பீரோவைத் திறப்பார்கள்?

மத்திய அரசின் பொது நிதி விதிகள் என்று ஒன்று உண்டு. 2017-ல் வந்த திருத்திய பதிப்பில் 215-ஆவது விதி நூலகங்களுக்கானது. வருடத்தில் கடன் கொடுத்த, எடுத்துப் பார்த்த ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து வரை காணாமல் போவது இயல்பு என்று அது ஏற்றுக்கொள்கிறது. நூலகர் நேர்மைக் குறைவாகவோ கவனக்குறைவாகவோ நடந்துகொள்ளவில்லை என்றால் போதும். ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட புத்தகமும் அரிய நூலும் தொலைந்தால்தான் கட்டாயம் விசாரிக்க வேண்டும். மாநில அரசுப் பள்ளிக்கு இது நேரடியாகப் பொருந்தாது என்பது உண்மை. ஆனால் டெல்லியில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவர்களே 'படித்தால் கொஞ்சம் தொலையும்' என்று எழுதிவைத்திருக்கிறார்கள் என்று எச்.எம்.மிடம் காட்டலாம்.

அப்புறம் இன்னொரு வழி. ஆறு லட்சத்தில் வாங்குகிற புத்தகங்களைப் பள்ளியின் பதிவேட்டில் ஏற்ற வேண்டாம். முன்னாள் மாணவர்கள் பெயரில் தனிப் பதிவேடு, தனி முத்திரை. தொலைந்தால் உங்கள் குழு பார்த்துக்கொள்ளும் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பள்ளியின் பழைய புத்தகங்கள் பள்ளிக் கணக்கிலேயே இருக்கட்டும். எச்.எம். நிம்மதியாகத் தூங்குவார்.

சரி, அறைக்குள் வருவோம். ஏ.சி. வேண்டாம். உப்புக்காற்றில் வெளியே மாட்டும் பெட்டி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பது நம் ஊரில் யாருக்கும் தெரியும். கரண்ட் பில் வேறு. எதிரெதிராக ஜன்னல், நாலு ஃபேன், அது போதும். இரும்பு அலமாரியும் வேண்டாம், மரம் அல்லது சிமெண்ட் பலகை. சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளி இருக்கட்டும், இல்லையென்றால் மழைக்காலத்தில் ஓதம் நேராகப் புத்தகத்துக்குத்தான் ஏறும். அடித்தட்டு தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். அதற்குக் கீழே எதுவும் வைக்காதீர்கள். கெடிலம் ஆறு எப்போது உள்ளே வரும் என்று சொல்ல முடியாது. 2015 போல இடுப்புயரம் வந்தால் ஒன்றரை அடியும் உதவாது, அதனால் அக்டோபர் முதலே மழைச் செய்தி வந்தால் புத்தகங்களை மாடிக்கு ஏற்ற நாலைந்து பிளாஸ்டிக் பெட்டிகள் தயாராக இருக்கட்டும். மாடி அறைக்கு அதுதான் சரியான வேலை.

பிள்ளைகள் புத்தகம் மூன்றரை அடிக்குள், பெரியவர்களுக்கு அதற்கு மேலே. கண்ணாடி, பூட்டு எதுவும் கிடையாது. வாசலில் ஒரு திண்ணை கட்டுங்கள். மதிலை ஒட்டி, மேலே ஒரு தகரக் கூரை. காலையில் நூலகம் பூட்டியிருந்தாலும் அன்றைய நாளிதழ் அங்கே வந்துவிடும். பெரியவர்கள் படிப்பதும் வாயடிப்பதும் அங்கேயே நடந்துவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்கு அமைதி.

கம்ப்யூட்டர் ஒன்று போதும். டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற இளைஞர்கள் கட்டாயம் வருவார்கள், கதவு திறந்த முதல் வாரமே வருவார்கள். அவர்களுக்குப் புத்தகம்கூட வேண்டாம், சொந்தமாகக் கொண்டுவருவார்கள். மேசை, வெளிச்சம், செல்போன் சார்ஜ் போட ஒரு பிளக் பாயிண்ட் போதும். வரட்டும், நல்லதுதான். ஆனால் எந்த ஊர் நூலகத்திலும் பார்க்கிறேன், நாலு மாதத்தில் எல்லா நாற்காலியும் அவர்களுடையதாகிவிடுகிறது. பாய் விரித்த மூலை பிள்ளைகளுக்கு, ஜன்னலோர மேசை பெண்களுக்கு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் சண்டை வரும்.

நேரம் பற்றி யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில்தான் இருப்பார்கள். வலை பின்னுவார்கள், எஞ்சின் பிரிப்பார்கள், மீதி நேரம் சீட்டாட்டம். ஊரில் ஆண்கள் கையில் நேரம் இருக்கும் அந்த மாதங்களில்தான் பள்ளிக்குக் கோடை விடுமுறை, நூலகத்துக்கும் பூட்டு. உங்கள் நூலகம் வேறு எந்த மாதம் மூடினாலும் மே மாதம் மூடக்கூடாது. பள்ளிப் பிள்ளைகளும் அப்போது வீட்டில்தானே இருக்கிறார்கள்.

இதையெல்லாம் யார் திறப்பது? ஆசிரியர்களிடம் கேட்காதீர்கள், அவர்களுக்கு ஏற்கெனவே எமிஸ் என்கிற ஆன்லைன் பதிவே தலைவலி. 2006-ல் அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். அழகான சின்னக் கட்டடங்கள். பல ஊர்களில் அவை பூட்டிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். கட்டடத்துக்குக் காசு இருந்தது, தினமும் சாயங்காலம் வந்து பூட்டைத் திறக்கிற கைக்குப் போதுமான காசு இல்லை.

அதனால் ஆறு லட்சத்தை இப்படிப் பிரிக்கச் சொல்வேன். அறைக்கும் கழிப்பறைக்கும் இரண்டரை லட்சம். புத்தகத்துக்கு ஒரு லட்சம். உங்கள் தெருவிலேயே படித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு மாதம் ஐயாயிரம் என்று மூன்று வருடத்துக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம். மீதி எழுபதாயிரம் நாளிதழ், கரண்ட், ரிப்பேருக்கு. சம்பளத்துக்குப் போகும் பணத்தில் பெயர்ப்பலகை மாட்ட முடியாது என்று சிங்கப்பூர்க்காரர்கள் முகம் சுளிக்கலாம். அந்தப் பலகையைத் திண்ணைக்கு மேலே மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மூன்று வருடத்துக்குப் பிறகு? அதற்கு இப்போதே மாவட்ட நூலக அலுவலரிடம் ஒரு மனு போட்டுவையுங்கள். பகுதி நேர நூலகம் என்று ஒரு வகை அவர்களிடம் உண்டு. 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது, இன்று அது சொத்து வரியில் பத்து சதவீதம். உங்கள் வீட்டு ரசீதைப் பாருங்கள், தனியாகப் போட்டிருப்பார்கள். கொடுத்த காசுக்குத்தான் கேட்கிறீர்கள். பொது நூலகத் துறையும் உங்கள் பள்ளியும் ஒரே பள்ளிக் கல்வித் துறையின் கீழ்தான் இருக்கின்றன. அண்ணன் தம்பி பேசிக்கொள்ளாத வீடு மாதிரி இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்தச் சட்டத்துக்குப் பின்னால் நின்ற நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் சிதம்பரம் தாண்டினால் வரும் சீர்காழியில் பிறந்தவர். நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதி 1931-ல் வெளியிட்டார். புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கம் கனகசபை பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார். வண்டிக்குத் தெருக்கதவுகூடத் தேவைப்படவில்லை.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. நூலகம் திறக்கிறது என்று தெரிந்தால் ஊரே பரணைக் காலி செய்யும். பத்து வருடத்துக்கு முந்தைய கைடு, மாறிப்போன வரிச்சட்டம், யாருக்கும் நினைவில்லாத கம்ப்யூட்டர் பாடம், கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்த பக்திப் புத்தகம் நூற்றைம்பது பிரதி. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு முக்கால்வாசியை எடைக்குப் போடத் தைரியம் வேண்டும். நல்ல படக்கதை, பெரிய எழுத்துப் புத்தகம், உங்களைப் போன்றவர்கள் தொடங்கினால் கீழே வைக்க மனம் வராத நாவல்கள், இவற்றைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். எதை வாங்குவது என்பதைச் சிங்கப்பூரில் முடிவு செய்ய வேண்டாம். உங்கள் தெருப் பெண்கள் நாலு பேர் நெய்வேலிப் புத்தகக் கண்காட்சிக்குப் பஸ் ஏறுங்கள்.

மே மாதம் ஊருக்கு வருவேன். தெருக்கதவு அதற்குள் வைத்திருந்தால் அந்த வழியாகவே வருகிறேன். என்னிடமும் ஒரு பரண் இருக்கிறது, இரண்டு பெட்டி கொண்டுவருவேன். பிரித்துப் பார்த்துவிட்டு வேண்டாததை என் முன்னாலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.