புற்றுநோய் வைத்தியம் முடிந்த பிறகு எந்த வலி வந்தாலும் மறுபடி வந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. உங்களுக்கும் இப்படி இருந்ததா? எப்படிச் சமாளித்தீர்கள்?

இருந்தது. இன்னும் இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது, முதுகு வலித்தாலே தூக்கம் போய்விடுகிறது, வீட்டில் சொன்னால் "எல்லாம் உன் மனசுதான்" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். உங்களுக்கு வருவது உண்மையான வலி. அதன் காரணம் பெரும்பாலும் புற்றாக இருக்காது, ஆனால் வலி பொய் கிடையாது.

நான் குடியாத்தம். வீட்டிலேயே தையல். 2018 ஆகஸ்டில் இடது மார்பில் கட்டி. வேலூரில் ஆபரேஷன், எட்டு கீமோ, பிறகு 15 நாள் ரேடியேஷன். எங்கள் பக்கம் அதைக் "கரண்ட் வைக்கிறது" என்பார்கள். 2019 தொடக்கத்திலிருந்து, புற்று திரும்பி வராமல் இருக்க, தினம் ஒரு லெட்ரோசோல் மாத்திரை.

இந்தப் பயம் ஏன் இவ்வளவு ஆழமாகப் போகிறது என்று எனக்குப் புரியவே ரொம்ப நாள் ஆனது. முதல் தடவை எனக்கு வலியே இல்லை. ஒரு ஜாக்கெட்டை எனக்கே அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது விரலில் நெருடியது, கொண்டைக்கடலை அளவு. அழுத்தினால்கூட வலிக்கவில்லை. மார்பில் வரும் புற்றுக்கட்டி பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிக்காது என்று அப்புறம்தான் தெரிந்தது. அதாவது நன்றாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே அது உள்ளே இருந்திருக்கிறது. ஒருமுறை இப்படி ஆனவளுக்குத் தன் உடம்பின் மேல் நம்பிக்கை எங்கிருந்து வரும்? வலி இல்லாவிட்டாலும் சந்தேகம், வலித்தால் இன்னும் சந்தேகம். "தைரியமா இரு" என்று சொல்பவர்களுக்கு இது புரிவதில்லை.

வைத்தியமே விட்டுவிட்டுப் போகிற வலிகளை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதி ராத்திரிகள் எனக்கு மிச்சமாகியிருக்கும். அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். கீமோவில் பக்லிடாக்சல் என்ற மருந்து போட்டிருந்தால் விரல் நுனியும் பாதமும் மரத்துப்போகும், எரியும். எனக்கு ஊசி குத்தியதே தெரியாது. வெள்ளைத் துணியில் சிவப்பாகப் பொட்டு விழுந்த பிறகுதான் விரலைப் பார்ப்பேன். அக்குளில் நெறிக்கட்டி எடுத்திருந்தால் மேல்கையின் உள்பக்கம் மரப்பு, இழுப்பு, சில சமயம் மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரு சுரீர். வருடங்கள் ஆனாலும் அது போகாமல் இருக்கலாம். ரேடியேஷன் வைத்த பக்கம் விலா எலும்பு தொட்டால் நோகும். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாதிரி மாத்திரைகள் உடம்பில் ஈஸ்ட்ரோஜனைக் குறைப்பதால் மூட்டெல்லாம் பிடித்துக்கொள்ளும். காலையில் எட்டு மணி வரைக்கும் ஊசியில் நூல் கோக்க என்னால் முடியாது. விரல் மடங்காது. வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், கொஞ்சம் கொஞ்சமாக இளகும். நாள்பட எலும்பும் மெலியும். அதற்குத்தான் கால்சியம், வைட்டமின் டி, அவ்வப்போது எலும்பு அடர்த்தி சோதனை.

இவ்வளவும் தெரிந்த பிறகும் 2022-இல் ஆடிப்போனேன்.

வைகாசி ஒன்றாம் தேதி எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. கூட்டத்தில் மூன்று மணி நேரம் நின்றேன். அன்று ராத்திரி வலது இடுப்பு பிடித்தது. நின்றதால் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் இருந்தது, அடுத்த வாரமும் இருந்தது. மார்பகப் புற்று பரவினால் முதலில் போகிற இடங்களில் எலும்பும் ஒன்று என்று எங்கோ படித்தது மண்டையில் ஏறிவிட்டது. ஆனால் ஆனி மாதம் மகள் கல்யாணம். பத்திரிகை அடித்தாயிற்று. கல்யாணம் முடிகிற வரைக்கும் வாயைத் திறப்பதில்லை என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன்.

அதோடு ஒரு தப்பும் செய்தேன். யாருக்கும் சொல்லாமல் ஒரு லேபில் போய் சி.ஏ. 15-3 என்ற ரத்தப் பரிசோதனையை நானே காசு கட்டிச் செய்துகொண்டேன். மார்பகப் புற்று பரவியிருந்தால் அந்த எண் ஏறலாம். தாளில் 30-க்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது, எனக்கு 34. அந்தத் தாளை மடித்து ஜாக்கெட் பிட் பைக்குள் வைத்துவிட்டு, மகளின் முகூர்த்தப் புடவைக்கு ஃபால்ஸ் அடித்தேன். அந்த ராத்திரிகளை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. பேரப்பிள்ளையைப் பார்க்க மாட்டேன் என்று ஒரு பக்கம், கல்யாண வீட்டில் அழக்கூடாது என்று இன்னொரு பக்கம்.

நான் மறைக்கிறேன் என்று நினைத்தேனே தவிர, மறைக்க முடியவில்லை. பந்தக்கால் நட்ட அன்றைக்கே என் ஓரகத்தி, பத்துப் பேர் இருக்கும்போது, "இன்னாடி நொண்டற, எலும்புல வந்துக்கீதா?" என்று கேட்டுவிட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அவள் பேச்சு அப்படி. ஆனால் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் எனக்கும் முன்னாலேயே இதை நினைத்து வைத்திருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரே கட்டிலில் இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்துகொண்டு, தூங்குவதுபோல் படுத்திருந்திருக்கிறோம்.

கல்யாணம் முடிந்த மறு வாரம் அவரே காட்பாடிக்கு ரயிலில் கூட்டிக்கொண்டு போனார். டாக்டரம்மா நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். இடுப்பை அழுத்திப் பார்த்தார், காலைத் தூக்கச் சொன்னார். பிறகு, "என்ன வேலை செய்றீங்க?" என்றார். தையல் என்றேன்.

"மிதிக்கிற மிஷினா? எந்தக் காலால மிதிப்பீங்க?"

வலது கால். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், யூனிஃபார்ம் ஆர்டர். கூடவே கல்யாணத்துக்கு வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் ஜாக்கெட். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் மிதித்திருக்கிறேன். வலி எடுத்த முதல் நாளிலிருந்து இது என் மனதில் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. புற்று வந்தவளுக்கு மற்ற காரணங்கள் எல்லாம் கண்ணில் படாமல் போய்விடுகின்றன.

ஆனாலும் அவர் தையல்தான் காரணம் என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. இரண்டு மாதமாக நிற்காத வலி என்பதால் எக்ஸ்ரேயும் எலும்பு ஸ்கேனும் எழுதினார். எலும்பு ஸ்கேன் என்றால், ஆபரேஷன் ஆகாத பக்கத்துக் கையில் ஒரு ஊசி போட்டு, மூன்று மணி நேரம் கழித்து வரச் சொல்வார்கள். அதுவரை தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஒன்றுக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பிறகு மேஜையில் அசையாமல் படுத்தால் மேலே மெஷின் மெதுவாக நகரும். வலிக்காது. அந்த மூன்று மணி நேரம்தான் பெரிது. பக்கத்தில் ஒரு வங்காளத்து அம்மா. வேலூரில் ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ் போர்டெல்லாம் வங்காள எழுத்தில்தான் இருக்கும், அத்தனை பேர் அங்கிருந்து வருகிறார்கள். எனக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு என் மொழி தெரியாது. அவர் தன் முதுகைத் தொட்டுக் காட்டினார், நான் இடுப்பைத் தொட்டுக் காட்டினேன். கடுகெண்ணெய் வாசம் அடிக்கிற பொரியை ஒரு காகிதத்தில் கொட்டிக் கொடுத்தார். இரண்டு பேரும் அதைத் தின்றோம். அவருக்கு என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் சாமி கும்பிடும்போது அவர் நினைவு வரும்.

எனக்கு ஒன்றும் இல்லை. வைட்டமின் டி குறைவு, இடுப்புத் தசைப் பிடிப்பு, மாத்திரையால் வந்த மூட்டு வலி. மிஷினுக்கு மோட்டார் போட்டேன், பிசியோதெரபியில் சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்தேன், ஆறு வாரத்தில் வலி பாதியானது. அந்த 34-ஐக் காட்டியபோது டாக்டரம்மா கோபப்படவில்லை. கல்லீரல் கோளாறு மாதிரி வேறு காரணங்களாலும் அந்த எண் கொஞ்சம் ஏறும், அதனால்தான் தொந்தரவு இல்லாதவர்களுக்கு அதை வழக்கமாகப் பார்ப்பதில்லை என்றார். புற்று இருக்கிற இடத்தை ஒளிரவைத்துக் காட்டும் பெட் ஸ்கேனும் அப்படித்தான். பழைய டி.பி. தழும்பு, வீக்கம், சளி எல்லாம்கூட அதில் ஒளிரலாம். அதைத் துரத்திக்கொண்டு ஊசி குத்தி சதை எடுத்து, இல்லாத ஒன்றுக்காக மாதக்கணக்கில் தவிக்க வேண்டியிருக்கும். முதல் மூன்று வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் கையால் பரிசோதனை, அடுத்த இரண்டு வருடம் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடம் ஒருமுறை, கூடவே வருடா வருடம் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே. இவ்வளவுதான் எல்லாருக்கும் பொதுவான கணக்கு. "ஏன் எனக்கு ஸ்கேன் எடுக்கவில்லை, கவனிக்காமல் விடுகிறார்களோ" என்று நீங்கள் நினைத்திருந்தால், அது கவனக்குறைவு இல்லை.

அன்றைக்கு அவர் சொல்லித்தான் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டேன். வலி வந்த தேதி, எந்த இடம், என்ன வேலை செய்தேன், படுத்தால் குறைகிறதா, ராத்திரி எழுப்புகிறதா, நேற்றைவிட இன்று கூடுதலா. இரண்டு வாரம் பார்க்கலாம். குறைந்துகொண்டே வந்தாலோ, வந்து வந்து போனாலோ, கவலை கம்மி. இரண்டு வாரம் தாண்டியும் அதே இடத்தில் நின்றால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் போன் செய்ய வேண்டும். நோட்டில் எழுதியதும் பயம் போய்விடாது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு மனசு கேள்வி கேட்கும்போது, "14-ஆம் நாள் பார்க்கலாம்" என்று அதற்குச் சொல்ல ஒரு பதில் இருக்கும். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இரண்டு வாரம் பார்க்கக்கூடாத வலிகளும் உண்டு, இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். முதுகு வலியோடு கால் பலம் குறைந்தாலோ, மரத்துப்போனாலோ, ஒன்றுக்கு ரெண்டுக்கு அடக்க முடியாமல் போனாலோ, வராமல் நின்றாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூச்சு திணறல், வாந்தியோடு விடாத தலைவலி, வலிப்பு, கண் மஞ்சளாவது, இதற்கெல்லாம் நோட்டு வேண்டாம். தழும்பிலோ அக்குளிலோ கழுத்திலோ புதிதாகக் கட்டி நெருடினால் அந்த வாரமே காட்டுங்கள், வலித்தாலும் வலிக்காவிட்டாலும்.

என்னோடு கீமோ ஏற்றிக்கொண்ட ஆம்பூர் அக்கா ஒருவர் முதுகு வலிக்கு மூன்று மாதம் எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தபோது எலும்பில் வந்திருந்தது. இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அது நடந்து நாலு வருடம் ஆகிறது. ரேடியேஷன் வைத்தார்கள், எலும்புக்கு ஊசி போடுகிறார்கள், மாத்திரையை மாற்றினார்கள். போன ரம்ஜானுக்குப் பிரியாணி கொடுத்து அனுப்பினார். "வந்தா அவ்வளவுதான்னு நெனச்சேன், வந்த பிறகும் நாள் இருக்குது பாப்பா" என்றார். அவருக்கும் ஒரே வருத்தம், அந்த மூன்று மாதத்தை வீணாக்கினேனே என்பதுதான். காரணம் தெரியாத முதுகு வலியை யாரிடமும் கொடுத்து அழுத்தி நீவ விடாதீர்கள்.

2024-இல் ஐந்து வருட மாத்திரை முடிந்து நிறுத்தச் சொன்னார்கள். சந்தோஷப்பட வேண்டிய நாள். எனக்கோ காவலுக்கு இருந்தவரை வீட்டை விட்டு அனுப்பிவிட்ட மாதிரி இருந்தது. ஐந்து வருடம் தாண்டினால் வராது என்று ஊரில் சொல்வார்கள். என்னுடையது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனால் வளரும் வகைப் புற்று, அது அதற்குப் பிறகும் வரலாம் என்று எனக்குத் தெரியும். அப்போது ஒரு மாதம் தூக்கமில்லை. டாக்டரம்மாவிடம் சொன்னேன், ஆஸ்பத்திரியிலேயே கவுன்சிலிங் அனுப்பினார். நோய் திரும்பி வருமோ என்ற பயம் இந்த நோய் வந்து மீண்ட பலருக்கும் வருகிறது, அதற்கென்றே முறைகள் இருக்கின்றன என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். பயத்தால் சாப்பாடு, தூக்கம், வேலை கெடுகிறது என்றால் அதையும் வலி மாதிரியே டாக்டரிடம் சொல்லுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

உங்கள் வீட்டில் "மனசுதான்" என்று சொல்பவரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். அவரும் பயத்தில்தான் அப்படிச் சொல்கிறார் என்பது என் எண்ணம். அவர் சமாதானம் சொல்ல வேண்டாம். "எப்போலேர்ந்து வலிக்குது, நோட்டுல எழுதினியா" என்று கேட்டால் போதும்.

எனக்கு இப்போது இடது குதிகால் வலிக்கிறது. காலையில் முதல் பத்து அடிக்கு உயிர் போகிறது, நடக்க நடக்கக் குறைகிறது. இன்றைக்கு ஆறாவது நாள். என் வீட்டுக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். அவர் காலண்டரில் அடுத்த வாரத்து வியாழக்கிழமையைச் சுழித்து வைத்திருக்கிறார்.